ஹார்மோன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகும் முன்

அன்பு மகனுக்கு,

மார்பு பெரிதாகியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். வெட்கப்பட ஒன்றுமில்லை கண்ணா, நிறைய ஆண்களுக்கு வருவதுதான். ஆனால் லேபுக்கு ஓடுவதற்கு முன் இதைப் படித்துவிடு. தப்பான நேரத்தில் எடுத்த ரத்தம் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

முதலில் அது சுரப்பியா, கொழுப்பா என்று பார். மல்லாந்து படுத்து ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள். மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரத்தில் வைத்து, காம்பை நோக்கி மெல்லக் கூட்டிக்கொண்டு வா. காம்புக்கு நேர் கீழே ரப்பர் தட்டு மாதிரி அழுத்தமாக ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. விரல்கள் தடையில்லாமல் காம்பு வரை வந்து சேர்ந்தால் வெறும் கொழுப்பு. அதற்கு ஹார்மோன் டெஸ்ட் பெரும்பாலும் வேண்டியிருக்காது. கட்டி கெட்டியாக, காம்பை விட்டு ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ ஹார்மோன் முடிவுக்காகக் காத்திருக்காதே. மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம்தான் முதலில். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

நீ சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போ. நீர் பிரியத் தரும் ஸ்பைரனோலாக்டோன், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் கீட்டோகோனசோல் மாத்திரை, வயிற்று அமிலத்துக்குத் தரும் சிமெடிடின், முடி உதிர்வுக்குத் தரும் ஃபினாஸ்டெரைட், மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன் எல்லாமே மார்பை வளர்க்கக்கூடியவை. நீயாக எதையும் நிறுத்தாதே, டாக்டரிடம் சொல். ஜிம்மில் ஊசி ஏதாவது போட்டிருந்தால் அதையும் மறைக்காதே, நான் கோபிக்க மாட்டேன். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏற்றியவர்களுக்கு விரையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டும் அடிமட்டத்துக்குப் போய்விடும். விஷயம் தெரியாத டாக்டர் அவற்றைச் சுரக்கும், மூளையடியில் உள்ள பிட்யூட்டரியைச் சந்தேகித்து எம்.ஆர்.ஐ. எழுதுவார்.

ரத்தம் காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விடியலில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். காய்ச்சல் இருந்தாலோ, இரவு தூங்காமல் இருந்தாலோ தள்ளிப்போடு. அன்று காலை உடற்பயிற்சி வேண்டாம், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறிவிடும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற பயோட்டின் மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்திவிடு, லேபிலும் சொல். சில இயந்திரங்களில் அது டெஸ்டோஸ்டிரோனையும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ராடியாலையும் பொய்யாக ஏற்றிக் காட்டும்; எல்.எச்., தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச்., கர்ப்பத்தைக் கண்டறியப் பார்க்கும் எச்.சி.ஜி. மூன்றையும் பொய்யாக இறக்கிக் காட்டும். எனக்குப் பயம் அந்த எச்.சி.ஜி.யில்தான்.

ஏனென்றால் ஆணுக்கு எச்.சி.ஜி. கூடியிருந்தால் விரையில் கட்டி இருக்கிறதா என்று உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். இந்த எச்.சி.ஜி. டெஸ்டைச் சீட்டிலிருந்து விட்டுவிடுகிற இடங்கள் உண்டு; நீ கேட்டு வாங்கு. ரத்த முடிவு எப்படி வந்தாலும், வெந்நீரில் குளித்தபின் இரண்டு விரைகளையும் விரலில் உருட்டிப் பார். வலியில்லாத கெட்டி முடிச்சு இருந்தால் நாள் கடத்தாதே.

டெஸ்டோஸ்டிரோனைத் தனியாகப் படிக்கக் கூடாது, எல்.எச்.சோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எல்.எச். என்பது பிட்யூட்டரி விரைக்கு அனுப்பும் உத்தரவு. உத்தரவு கூடி, டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் கோளாறு விரையில். விரை சிறுத்தும் இருந்தால் கூடுதல் எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கிற கிளைன்ஃபெல்டர் நிலை இருக்கிறதா என்று குரோமோசோம் பார்ப்பார்கள். எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் குறைந்திருந்தால் கோளாறு மேலே, மூளைப் பக்கம்; அப்போது புரோலாக்டின் எண் முக்கியம். இரண்டும் கூடியிருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று டி.எஸ்.எச்.சைப் பார். ஈஸ்ட்ராடியால் மட்டும் கூடியிருந்தால் விரை ஸ்கேன், அது சரியாக இருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிக்கு ஸ்கேன். உடல் பருமனும் ஈஸ்ட்ராடியாலைக் கூட்டும், கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுவதால். கல்லீரல், சிறுநீரக டெஸ்டுகளும் கூடவே போகட்டும்.

எல்லாமே சரியாக வருவதும் சகஜம். அதற்காகக் கிடப்பில் போட்டுவிடாதே. வலி இருக்கிறது என்றால் திசு இன்னும் புதிது, மாத்திரைக்குக் கேட்க வாய்ப்புண்டு. ஒரு வருஷம் தாண்டினால் நார்த் திசுவாக இறுகிவிடும். பிறகு அறுவைச் சிகிச்சைதான் மிச்சம்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடு. ஒரே ஒரு எண்ணை வைத்து யாராவது ஹார்மோன் ஊசி எழுதினால் போட்டுக்கொள்ளாதே. ரிப்போர்ட்டை அனுப்பும்போது எண்ணை மட்டும் அனுப்பாமல் முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 10.4 நானோமோல் என்பதும் ஒரே அளவுதான். அலகு தெரியாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுது.

அன்புடன்,
அப்பா