ஓங்கில் பாக்க போட் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர், தனுஷ்கோடியில டால்பின், அதாங்க நம்ம ஓங்கில், காட்ட அரசாங்கமே மோட்டார் போட் விடணும், டிக்கெட் போட்டா நல்ல வருமானம்னு எழுதியிருந்தாரு. படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. ஏன்னா அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் நாங்க குடும்பத்தோட அங்க போயிட்டு வந்தோம், போட்ல ஏறாமயே டால்பின் பாத்தோம், போட் வந்தா என்ன ஆகுதுங்கறதையும் பாத்தோம்.

எங்களுக்கு கோட்டையூர். நம்ம செட்டிநாட்டுக்காரங்களுக்கு கடல்னா தொண்டிதான் பக்கம், தேவகோட்டை திருவாடானை வழியா போயி கால நனச்சுட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். ஆனா பிள்ளைங்க பாம்பன் புதுப் பாலத்தப் பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னதால ராத்திரி ரெண்டரை மணிக்கே வண்டி எடுத்தாச்சு. அப்பத்தா புளியோதரை, தயிர்சாதம், ஒரு தூக்குச் சட்டி நெறய சீப்புச் சீடைன்னு எடுத்துக்கிட்டு, "தீர்த்தமாடப் போறமா, பாலம் பாக்கப் போறமா, ஒண்ணைச் சொல்லுங்கப்பா"ன்னு கேட்டுக்கிட்டேதான் ஏறுனாங்க.

முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனைக்கு போற ரோடு இருக்கே, ரெண்டு பக்கமும் கடல், அங்க ஒரு எடத்துல வண்டிய ஓரங்கட்டி சாப்பிட உக்காந்தோம். மணி ஏழு ஏழே கால் இருக்கும். கொஞ்ச தூரத்துல பத்துப் பதினஞ்சு பேரு கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. என் மகன்தான் மொதல்ல பாத்தான், "அப்பா சுறா!"ன்னு கத்துனான் பாருங்க, தண்ணியில நின்ன வேற குடும்பத்து ஆளுங்கள்லாம் துணியத் தூக்கிக்கிட்டு கரைக்கு ஓடி வந்துட்டாங்க. வலை இழுத்துக்கிட்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிக்கூட பாக்காம சிரிச்சாரு. "தம்பி, அது ஓங்கில். சுறான்னா செட்டை கத்தி மாதிரி நேரா கிழிச்சுக்கிட்டுல்ல போகும், இது வண்டிச் சக்கரம் மாதிரி உருண்டு உருண்டு வருது பாரு"ன்னாரு.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா பாத்தோம். அஞ்சு இருந்துச்சு. சாம்பல் கலர் முதுகு, செட்டைக்கு அடியில சின்னதா திமில் மாதிரி ஒரு மேடு. ஆழமில்லாத தண்ணியில கரைய ஒட்டி மேயுற வகை அது. ஒவ்வொண்ணும் மேல வரும்போது ஒரு சத்தம், குக்கர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி புஸ்ஸுனு ஒண்ணு விடும்ல, அதே சத்தம், தலைக்கு மேல இருக்கிற ஓட்டை வழியா மூச்சு விடுது. மீனு இல்லைங்க அது, நம்மள மாதிரி நுரையீரல் உள்ள ஜீவன், குட்டி போட்டு பால் குடுக்குது. அந்த அஞ்சுல ஒண்ணு குட்டி, தாய் விலாவுல ஒட்டிக்கிட்டே, தாய் மூச்சு விட்டா அதுவும் கூடவே மேல வந்து மூச்சு விடுது. நாலும் சேந்து மடவை மீனக் கூட்டமா கரைப் பக்கம் ஒதுக்குச்சுங்க, அந்த வேகத்துல கை நீளத்துக்கு ரெண்டு மடவை துள்ளி மணல்லயே வந்து விழுந்துருச்சு, ஒரு பொடியன் ஓடிப்போய் பொறுக்கிட்டான்.

அப்பத்தா சாப்பாட்டுத் தட்ட கீழ வச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டாங்க. அவங்க ஐயா ரங்கூனுக்கு போகையில கப்பலுக்கு முன்னாடி இதுங்க தொணைக்கு வர்ற மாதிரி ஓடி வருமாம், அவர் வாயால கேட்டதோட சரி, 81 வயசுல இப்பதான் கண்ணால பாக்குறாங்க. (தொணைக்கெல்லாம் வரல, கப்பல் முன்னாடி தள்ளுற அலையில சிரமமில்லாம மிதந்து போகலாம்னுதான் வரும். அதை நான் அப்பத்தாகிட்ட சொல்லல.)

என் தப்பையும் சொல்லிடுறேன். என் மக ரெண்டு சீப்புச் சீடைய எடுத்து "டால்பினுக்கு"ன்னு கடல்ல வீசுனா, நானும் சிரிச்சுக்கிட்டே அத வீடியோ எடுத்தேன். பெரியவர்தான் சத்தம் போட்டாரு, அது திங்கிறது உசுரு மீனு, உங்க பலகாரத்துக்கா வந்துருக்குன்னு. அந்த வீடியோவ அப்புறம் போட்டுப் பாத்தா நாலு நிமிஷமும் வானமும் என் கட்ட வெரலும்தான்.

இப்ப போட் விஷயத்துக்கு வர்றேன். ஒரு இருபது நிமிஷம் நிம்மதியா பாத்திருப்போம், எங்கேர்ந்தோ ஒரு ஃபைபர் போட், ஏழெட்டு டூரிஸ்ட் உக்காந்து செல்போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு, ஒருத்தர் மேலயும் லைஃப் ஜாக்கெட் இல்ல, நேரா அந்தக் கூட்டத்து நடுவுல வந்து வட்டம் அடிச்சாங்க. அவ்வளவுதான், அஞ்சும் முங்கிருச்சு. ரொம்ப நேரம் கழிச்சு ரொம்ப தூரத்துல மூணு செட்டை தெரிஞ்சுது, தாயும் குட்டியும் அதுல இல்ல. மடவையும் கலைஞ்சு போச்சு. வலை இழுத்த அண்ணன் ஒருத்தர் அந்த போட்டப் பாத்து சொன்ன வார்த்தைய உங்க பேப்பர்ல போட முடியாது. போட்ல வந்தவங்களுக்காவது நல்லா தெரிஞ்சுதான்னா அதுவும் இல்ல, நாங்க கரையில நின்னு பாத்ததுல கால்வாசிகூட அவங்க பாத்திருக்க மாட்டாங்க.

ஓங்கில் தண்ணிக்குள்ள வழி கண்டுபிடிக்கறதும் இரை தேடுறதும் பெரும்பாலும் சத்தத்த வச்சுத்தான், அதுவே டிக் டிக்குனு சத்தம் விட்டு எதிரொலியக் கேட்டு நீந்துது. அது காதுக்குப் பக்கத்துல எஞ்சின முறுக்குனா எப்படி இருக்கும்? 1972 வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணையில, புலி யானை இருக்கிற அதே அட்டவணையில இது இருக்கு. வேட்டைங்கற வார்த்தைக்குள்ள விரட்டுறதையும் அந்தச் சட்டமே சேத்திருக்கு, தண்டனை 3 வருஷத்துலேர்ந்து 7 வருஷம் வரைக்கும். பாம்பன் பக்கத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் இருக்கிற 21 தீவையும் 1986லயே தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. வடக்க பாக் விரிகுடாவுல 2022ல 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுவுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க, தஞ்சாவூர் கரையும் நம்ம புதுக்கோட்டை கரையும் அதுல வருது. ரெண்டு பக்கமும் இவ்வளவு பாதுகாப்பு குடுத்துட்டு நடுவுல டிக்கெட் போட்டு விரட்டச் சொல்றது என்ன நியாயம்னு தெரியல.

வருமானம்தான் வேணும்னா கரையிலயே பண்ணலாமே. வலைக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க நாலு பேரு கையில பைனாகுலர் குடுத்து நிக்க வைங்க, தலைக்கு இருபது ரூபா வாங்கட்டும், நான் ஐம்பதே குடுப்பேன். அந்தப் பெரியவர் கால் மணி நேரத்துல எங்களுக்கு சொன்னது எந்த கைடுக்கும் தெரியாது. காலையில காத்து ஏறுறதுக்குள்ள பாத்துடணும், வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிக்கணும், ஆலாப் பறவை ஒரே எடத்துல கூட்டமா தண்ணிய குத்திக்கிட்டு இருந்தா அங்கயே கண்ண வைக்கணும், ஒரு தடவ முங்கினா அதே எடத்த பாக்காம கொஞ்சம் முன்னாடி தள்ளிப் பாக்கணும். இதையெல்லாம் எழுதி, சுறாவுக்கு வால் நெட்டுக்க இருக்கும் ஓங்கிலுக்கு படுக்க வசத்துல இருக்கும்னு ஒரு படமும் போட்டு, தமிழ்ல ஒரு போர்டு. பக்கத்துல நிழலுக்கு ஒரு கொட்டகை, குப்பைத் தொட்டி ரெண்டு. நாங்க நின்ன எடத்துல மட்டும் தண்ணி பாட்டில் மூடி அள்ளலாம் போல கெடந்துச்சு.

பழைய வலையையும் கரையிலயோ கடல்லயோ போட்டுட்டுப் போகக்கூடாதுன்னு அந்த போர்டுலயே எழுதணும். வலையில சிக்குனா ஓங்கில் மேல வந்து மூச்சு விட முடியாது, கடல்லயே பொறந்த ஜீவன் மூச்சு முட்டிச் சாகும்.

ஆடி அமாவாசைக்கு நம்ம பக்கத்துலேர்ந்தே எத்தன வேன் கெளம்பும்னு உங்களுக்குத் தெரியும். அப்ப கச்சான் காத்துல, அதான் தென்மேற்குக் காத்துல, தென்கடல் நிக்க விடாது, வடகடல்தான் குளம் மாதிரி கெடக்கும், கூட்டம் பூரா அந்தப் பக்கம்தான் நிக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரிங்க அதுக்கு முன்னாடி அந்த ஒரு போர்டையாவது வடகடல் பக்கம் நட்டு வச்சா புண்ணியமா போகும். இந்தக் கடிதத்த சுருக்காம போட்டீங்கன்னா சந்தோஷம், சுருக்குறதா இருந்தா சீடை விஷயத்த எடுத்துடுங்க.

இப்படிக்கு,
கோட்டையூர் வாசகன்