வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: படத்தின் பின்பக்க எழுத்து பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் வாங்கிய, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கேலிச்சித்திர ஓவியர் ஒனோரே தோமியேவின் நாடக அரங்கப் படத்தை, பின்பக்கத்துச் செய்தி எழுத்து தெரியத் திருப்பிப் பிடித்து எடுத்த புகைப்படம் ஒன்று புதுச்சேரி முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பழைய பேப்பரைக் கத்தரித்துக் காசு பார்க்கிறோமாம். பலர் எங்களிடமே விளக்கம் கேட்டீர்கள். கேட்காமலேயே வருவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அதுதான் மனதை அறுக்கிறது.

அது செய்தித்தாள்தான். தோமியே வரைந்ததே அதற்காகத்தான். 1832இல் பாரிஸில் தொடங்கிய ‘லு ஷாரிவாரி’ நாளிதழ், 1835இல் அரசியல் கேலிச்சித்திரங்களுக்குத் தணிக்கை வந்த பிறகு, நகரத்து மனிதர்களின் நடை உடை பாவனைகள் பக்கம் திரும்பியது. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, அந்தக் கல்லிலிருந்தே அச்செடுத்த கல்லச்சுப் படம் ஒரு பக்கம். ஈய எழுத்தில் அச்சான செய்தி மறுபக்கம். தாள் மெல்லியது, எழுத்து முன்னால் நிழலாடத்தான் செய்யும். பின்பக்கம் வெறுமையாக, நல்ல வெள்ளைத் தாளில் எடுத்த பிரதிகளும் உண்டு. அவை அரியவை, விலையும் அதிகம். எது எந்த வகை என்று பில்லில் எழுதித்தான் கொடுக்கிறோம்.

புகாருக்கு ஆளான படம் 1864இல் வெளிவந்தது. நான்கு பெஞ்சு நிறைய ஆண்கள். அதிருப்தியான முகம் ஒன்றுகூட இல்லை. கைதட்டுவதற்கென்றே அமர்த்தப்பட்ட கூட்டம் அது. அன்றைய பாரிஸ் நாடகக் கொட்டகைகளில் அது ஒரு தொழில். அந்தக் கைதட்டலை அரங்கில் கேட்டவர்கள் காபிக் கடையில் பிரித்துப் படித்த தாள் இது. பின்பக்க எழுத்துதான் அதற்குச் சாட்சி. அதை எப்படிக் குறை என்று ஏற்பேன்?

சந்தேகம் இருந்தால் படத்தை எடுத்து வாருங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்றைய நகல் அச்சின் சீரான புள்ளிகள் தெரியாது; கல்லின் சொரசொரப்பில் கிரேயான் உரசிய ஒழுங்கற்ற மணிகள் தெரியும்.

படங்களுக்கு மரச்சட்டம் போட்டுத் தந்த பெரியவர் ஊரோடு போய்விட்டதால் இனி சட்டமில்லாமல் தாளாகவே தருகிறோம். தபால், சுங்கச் செலவு ஏறியதால் விலையும் அடுத்த மாதம் சற்றுக் கூடும்.

மாதாமாதம் தவணை கட்டி ஒவ்வொரு படமாகச் சேர்த்த ஆசிரியர்களுக்கும், இந்த நேரத்திலும் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. புதிதாக வந்த கல்லச்சுப் படங்களை உங்களுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். மாலை நான்கு மணிக்கு மேல் வாருங்கள், உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்