நீங்கள் பிரிண்ட் போடாத படங்கள்

அன்புள்ள ஸ்டுடியோ அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாமலே போய்விட்டது. சேலத்தில் எங்கள் தெருமுனையில் கடை போட்டிருந்தீர்கள். தெருவுக்கே நீங்கள் ஸ்டுடியோ அண்ணா, அவ்வளவுதான். நான் எடுத்த படங்களை எனக்கு முன்னால் பார்த்தவர் நீங்கள். நெகட்டிவை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, எதைப் போடலாம், எது தண்டம் என்று தீர்ப்பு சொன்னவரும் நீங்கள்தான். போன மாதம் பீரோவை ஒழித்தபோது 1997-ஆம் வருஷத்து நெகட்டிவ் கவர் ஒன்று கிடைத்தது. ஸ்கேன் செய்தேன். அன்று நீங்கள் "வேணாம் கண்ணு, காசு மிச்சம்" என்று ஒதுக்கிய படங்களை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு, பிறகு வருகிறேன்.

என் கேமரா உங்களுக்கு நினைவிருக்கும். கேமரா என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். ஃபோகஸ் மாற்ற முடியாத பிளாஸ்டிக் டப்பா, தலையில் ஒரு ஃப்ளாஷ். காலேஜ் சேர்ந்ததற்கு அப்பா போனஸில் வாங்கித் தந்தது. ரோலில் 36 படம். ஒவ்வொரு தடவையும் அப்பா பக்கத்தில் நின்று "பாத்து அமுக்கு" என்பார். அதனால் பங்குனியில் மாட்டிய ரோல் ஆடியில்தான் தீர்ந்தது. நடுவில் இரண்டு தடவை ஏற்காடு போய்வந்தோம்.

நாலாவது படத்தைப் பார்த்து நீங்கள் கேட்டீர்கள்: "என்ன கண்ணு இது, பஞ்சு மூட்டையா?" அது காப்பிப் பூ அண்ணா. கோடை மழை ஒன்று விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்படித்துவிடும். நாங்கள் போனது சரியாக அந்த நாளில். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அதன் நிழலில் கொம்பு கொம்பாக வெள்ளை. மல்லிகை வாசம், கொஞ்சம் தேனும் கலந்த மாதிரி. 1820-களில் காக்பர்ன் என்கிற சேலம் கலெக்டர் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தாராம். கலெக்டர்கள் செய்ததில் எனக்குப் பிடித்த வேலை அதுதான். நான் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் போய் நின்று அமுக்கினேன். அந்த டப்பாவுக்கு நாலடிக்குள் எல்லாமே பஞ்சுதான். அந்த நேரத்தில் அம்மா ஒரு கொத்தைப் பறித்துத் தலையில் வைக்கப் போக, தோட்டத்துக் காவல்காரர் ஓடிவந்தார். "அம்மா, ஒரு பூ போனா ஒரு பழம் போச்சு." அம்மா கொத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்து, "பறிச்சது பறிச்சதுதான், வெச்சுக்கங்க" என்றார். படத்தின் ஓரத்தில் காக்கியாகத் தெரிவது அவர் முழங்கை.

அம்மா படம் இந்த ரோலில் ஒன்றே ஒன்று. 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல் வந்தவளை பஸ்ஸுக்குள்ளேயே எடுத்தேன். அதைப் பிரிண்ட் போட்டு எனக்கு அடி வாங்கித் தந்தீர்கள், நன்றி. கிளியூர் அருவிக்கு நாங்கள் போனது மே மாதம். தண்ணீரே இல்லை. வெறும் பாறையை இரண்டு படம் எடுத்ததற்கு எந்தக் கதையும் கிடையாது.

19-ஆவது படத்தில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் எடுத்தது. அப்பாவின் தோள், நீட்டிய கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கும். "கையைக் காமிச்சு எதையோ சொல்றாரு, நீ கையையே வெட்டிட்ட" என்று ஒதுக்கிவிட்டீர்கள்.

அப்பாவுக்கு மேக்னசைட்டில் வேலை. வெள்ளைக்கல் வெட்டும் குவாரி. அந்தக் கல்லைச் சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைக்கு உள்பூச்சாகப் போடும் செங்கல் செய்வார்கள்; அந்த உலைச் சூட்டிலும் உருகாது. ஷிப்டு முடிந்து வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். தெருப் பிள்ளைகள் விபூதிக்காரர் என்பார்கள். இருபது வருஷம் அந்தக் குழிக்குள் இறங்கி ஏறியவர், அன்றுதான் முதல்தடவையாக அதை மேலேயிருந்து பார்த்தார். கீழே சேலம் முழுக்க விரிந்து கிடக்க, மலையடிவாரத்தில் சுண்ணாம்பு கொட்டிய மாதிரி வெள்ளைத் திட்டுகள். "அதோ, அதுதான் நம்ம குழி" என்று கை நீட்டினார். எது என்று எனக்குத் தெரியவில்லை. "அந்த ரெண்டாவது மேட்டுக்குப் பக்கத்துல." அப்போதும் தெரியவில்லை. ஆனால் தெரிகிறது என்றேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். மலைமேல் பாக்சைட் என்கிற அலுமினியத் தாது வெட்டிய செம்மண்ணைக் காலையில் பார்த்திருந்தோம். "மேல செவப்பு, கீழ வெள்ளை. மலையை வெட்டித்தான் சோறு தின்றோம்" என்றார். பெருமையா வருத்தமா என்று குரலில் பிடிபடவில்லை. கை இருந்திருந்தால் படம் நன்றாக இருந்திருக்கும் என்பது வாஸ்தவம். ஆனாலும் அப்பாவின் முகம் அப்படி இருந்து வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

20 முதல் 24 வரை சுத்தக் கறுப்பு. இருட்டியதும் சேலத்தின் விளக்குகளை ஃப்ளாஷ் அடித்து எடுத்தவை. "ஃப்ளாஷ் பத்தடி தாண்டாது கண்ணு, நீ சேலத்துக்கே வெளிச்சம் போடப் பாத்திருக்க" என்று நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஸ்கேனில் உற்றுப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட இல்லை. இதில் உங்கள் தீர்ப்பு சரி.

இனி அந்த இன்னொரு காரணம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் ரோலைக் கொடுக்க வந்தோம். அப்பா ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்தார். நீங்கள் எண்ணைப் பார்த்து, "ஒண்ணு மிச்சம் இருக்கு, ரெண்டு பேரும் நில்லுங்க" என்று என் டப்பாவிலேயே எடுத்தீர்கள். ரோலில் நானும் அப்பாவும் சேர்ந்திருப்பது அதில் மட்டும்தான். எங்களுக்குப் பின்னால் சீப்பு தொங்கும் உங்கள் கண்ணாடி. அதில் நீங்களும் இருக்கிறீர்கள்: கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் அளவு டேப் மாதிரி தொங்கும் நெகட்டிவ். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஃப்ளாஷின் வெளிச்சம்.

போனில் அதை அப்பாவுக்குக் காட்டினேன். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாவற்றையும் கிட்டே வைத்துப் பார்க்கிறார். தன்னைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இந்தத் தம்பிக்கு 20 ரூபா பாக்கி" என்றார். பிரிண்ட் வாங்கின அன்று சில்லறை இல்லையாம், நாளைக்குத் தருகிறேன் என்றாராம். பிறகு எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்து வீடு மாறிவிட்டோம்.

உங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அங்கே விசாரித்தேன். யார் என்று காட்ட என்னிடம் இருப்பது முகமில்லாத இந்த ஒரு படம்தான். அப்பா 20 ரூபாய் நோட்டு ஒன்றை மடித்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை.

இப்படிக்கு,
பஞ்சு மூட்டைக் கண்ணு