பட்டையைப் பிரித்துவிட்டு மறுபடி சிப்பாயானேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரிவிளம்பரப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவன் நான். ‘காவலாளிகள் தேவை. 12 மணி நேர வேலை. தங்குமிடம் உண்டு. முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை’ என்று வாரம் தவறாமல் நாலைந்தாவது வந்துவிடுகிறது. அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஒரு காலத்தில் நானும் போனேன். இன்று அதே பக்கத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும் தம்பிகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வேலூர் மாவட்டம், கணியம்பாடி பக்கம். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நான் 1986இல் பதினெட்டு வயதில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தேன். வெலிங்டனில் பயிற்சி, அப்புறம் காஷ்மீர், வடகிழக்கு என்று 22 ஆண்டுகள். 2008இல், சிப்பாய்க்கு மேலான நாயக் பதவியில், பதவியைக் காட்டச் சட்டைக் கையில் தைக்கும் இரண்டு பட்டையோடு பென்சன் வந்தேன். வயது 40.

பட்டாளத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இந்த வயதுக் கணக்கு புரிவதில்லை. 40 வயதில் ரிட்டயர்டா என்று கேட்பார்கள். சிப்பாயாகவே இருந்து வருகிறவர் 36, 37 வயதிலேயே வந்துவிடுவார். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் வீட்டில் அப்போதுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள், கடன் பாதி அடைந்திருக்கும். நான்கே ஆண்டில் திரும்பப்போகும் அக்னிவீரர்களைப் பற்றி இன்று எல்லாரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். நாற்பது வயதுக்குள் பென்சன் வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

நான் ஊருக்கு வந்த மூன்றாம் மாதமே சென்னைக்கு வண்டி ஏறினேன். பள்ளிக்கரணை பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை, மாதம் 4,000 ரூபாய். முதல் மாதச் சம்பளத்தை ஏஜென்சி ‘டெபாசிட்’ என்று பிடித்து வைத்துக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அவர்கள் கொடுத்த சட்டையைத்தான். நீலச் சட்டை, தோளில் பளபளவென்று இரண்டு வெள்ளி நட்சத்திரம். ராணுவத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினெண்ட். 22 ஆண்டுகள் நான் நின்று சல்யூட் அடித்த நட்சத்திரம் அது. அதைக் குத்திக்கொண்டு கார்களுக்குக் கேட் திறந்துவிட எனக்கு மனசு வரவில்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நின்றேன். ரவுண்ட்ஸ் வந்த சூப்பர்வைசர், யூனிஃபார்ம் முழுசாக இல்லை என்று சொல்லி அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்.

காவலாளி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. உழைத்துச் சாப்பிடும் எந்த வேலையும் நல்ல வேலைதான். ஆனால் சிக்கல் என்னவென்றால், ஆயுதத்தைக் கையாளவும், ராத்திரி முழுக்கக் கண் அசராமல் நிற்கவும், ஆபத்து வந்தால் பதறாமல் இருக்கவும் அரசாங்கம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் படிப்பு அங்கே வீணாகிறது, அதே படிப்புக்கு இன்னோர் இடத்தில் ஆள் தேவைப்படுகிறது.

அந்த இன்னோர் இடத்தைப் பற்றி எனக்குச் சொன்னவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். லீவில் ஊருக்கு வந்தபோது வேலூர் மிலிட்டரி கேண்டீன் வரிசையில் பார்த்தேன். ‘டேய் தம்பி, டி.எஸ்.சி.க்கு ஏன் இன்னும் போகலை? பென்சன் வந்து எத்தனை மாசமாச்சு? ரெண்டு வருஷம் தாண்டிட்டா அப்புறம் எடுக்கமாட்டாங்க’ என்றார். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். பதினைந்து மாதம் ஓடிவிட்டிருந்தது.

டி.எஸ்.சி. என்பது பாதுகாப்புக் காவல் படை. 1947 பிப்ரவரி 25இல் தொடங்கியது. அதன் மையம் கேரளத்தில் கண்ணூரில் இருக்கிறது. நாட்டின் விமானப்படைத் தளங்கள், ஆயுதக் கிடங்குகள், பாதுகாப்புத் துறை நிலையங்கள் இவற்றுக்குக் காவல் நிற்பது அதன் வேலை. அதில் சேருகிறவர்கள் ஏற்கெனவே படையில் இருந்துவிட்டு வந்தவர்கள். பழைய பென்சன் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கும், இங்கே சம்பளமும் வரும். இங்கே 15 ஆண்டு முடித்தால் இரண்டாவது பென்சனும் உண்டு. இது எதுவும் எனக்கு 2008இல் தெரியாது. ‘வயசானவங்க பட்டாளம்’ என்று யாரோ சொல்லக் கேட்டதோடு சரி.

வீட்டில் சொன்னேன். என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. ‘மறுபடியுமா? 22 வருஷத்துல பொங்கலுக்கு எத்தனை தடவை வீட்டுல இருந்தீங்க, எண்ணிச் சொல்லுங்க பார்க்கலாம்’ என்றாள். எண்ணினேன். ஆறு. அன்றைக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மூன்று நாள் கழித்து அவளே வந்து, ‘குவார்ட்டர்ஸ் கிடைக்கிற இடமா இருந்தா நாங்களும் வருவோம். அதுக்குச் சம்மதம்னா போங்க’ என்றாள். திரும்பப் போக நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டியது வீட்டைத்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். முதல் தடவை நாம் போனபோது அவர்களை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், பலரைத் தடுப்பது இதுதான். மறுபடி சேரும்போது பழைய பதவி கிடையாது. நாயக்காக இருந்தாலும் அதற்கும் மேலே ஹவில்தாராக இருந்தாலும் சிப்பாயாகத்தான் சேர வேண்டும். கண்ணூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பழைய சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கையில் தைத்திருந்த இரண்டு பட்டையையும் பிளேடால் பிரித்தேன். ஒவ்வொரு தையலாக அறுத்து எடுக்க அரை மணி நேரம் பிடித்தது. சட்டை முழுக்க வெளுத்துப்போயிருந்தது, பட்டை இருந்த இடத்தில் மட்டும் துணி புதுசு போலப் பச்சையாக இருந்தது. பத்தாவது ஆண்டில் வாங்கிய முதல் பட்டை, அதற்காக ஓடின ஓட்டம், எழுதின பரீட்சை எல்லாம் கண் முன்னால் வந்து போனது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் இரவு காட்பாடியில் மங்களூர் மெயில் ஏறினேன்.

கண்ணூரில் பார்த்தால் என்னைப் போலவே பட்டை இல்லாத சட்டைக் கையோடு நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மூன்று பட்டை வைத்திருந்த பஞ்சாபி ஒருவர், பீரங்கிப் படையில் இருந்த மராட்டியர் ஒருவர், சிக்னலில் இருந்த நம் திருநெல்வேலிக்காரர் ஒருவர். எல்லாருக்கும் ஒரே பதவி. முதல் வாரம் நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் துப்பாக்கியைப் பிரித்து மாட்டச் சொன்னார்கள். கை தானாக ஓடியது. அதற்கப்புறம் அந்த அடைப்பு இல்லை.

எனக்கு முதல் போஸ்டிங் நடு இந்தியாவில் ஒரு வெடிமருந்துக் கிடங்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். மே மாத இரவு ஒன்றில், மணி இரண்டு இருக்கும், நானும் அந்த மராட்டியரும் வேலியோரமாக நடந்துகொண்டிருந்தோம். அவர் சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினார். எனக்கும் வந்தது, காய்ந்த புல் கருகும் வாசம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பாக நெளிந்துகொண்டிருந்தது. விசில் அடித்துவிட்டு, அவர் மணல் வாளியோடும் நான் ஈரச் சாக்கோடும் ஓடினோம். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் அணைத்துவிட்டோம். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் புதிதாகப் படையில் சேர்ந்த பையனாக இருந்தால் அந்த வாசத்தை ஊரில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று விட்டிருப்பான். 2016 மே 31 அன்று புல்காவ் வெடிமருந்துக் கிடங்கில் பிடித்த தீ ராணுவ அதிகாரிகளையும் தீயணைப்பு ஊழியர்களையும் பலி வாங்கியதைப் படித்திருப்பீர்கள். ஒரு கிடங்கில் பொறி என்றால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நாடு முழுக்கப் பார்த்தது.

அதே 2016 ஜனவரி 2ஆம் தேதி விடியற்காலையில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். எங்கள் படையைச் சேர்ந்த ஐந்து பேர் அங்கே உயிர் விட்டார்கள். அதில் ஜெகதீஷ் சந்த் என்பவர் மெஸ்ஸில் வேலையாக இருந்தவர், கையில் ஆயுதம் கிடையாது. ஓடிப்போய் ஒரு பயங்கரவாதியைக் கட்டிப்பிடித்து, அவன் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டார். அப்புறம்தான் மற்ற பயங்கரவாதிகள் அவரைச் சுட்டார்கள். மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது கொடுத்தார்கள். அவரும் பென்சன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். தாக்குதலுக்கு மறுநாள் ரோல் காலில் எங்கள் பிளாட்டூனில் அவருடைய பெயரைப் படித்தபோது, பட்டையைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர் முகம் கவிழ்ந்து நின்றதை நான் பார்த்தேன்.

இனி துப்பாக்கியே தொட வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு, அதுவும் நியாயம்தான். அவர்களுக்கும் வழி இருக்கிறது. ராணுவத்துக்குத் துணையாக இருக்கும் டெரிட்டோரியல் ஆர்மியில் சுற்றுச்சூழல் பட்டாலியன்கள் இருக்கின்றன. 1982இல் டேராடூனில் தொடங்கிய 127ஆம் பட்டாலியனில் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள், சுண்ணாம்புக்கல் வெட்டி மொட்டையாகிக் கிடந்த முசூரி மலைகளில் மரம் வளர்த்து மறுபடி பச்சையாக்கியிருக்கிறார்கள். மணல் அள்ளிப் பள்ளமாகிக் கிடக்கும் எங்கள் பாலாற்றைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மாவட்டத்து முன்னாள் வீரர்களைத் திரட்டினால் என்னவெல்லாம் செய்யலாம் என்று தோன்றும். தமிழக அரசு இதை யோசிக்க வேண்டும்.

நான் டி.எஸ்.சி.யில் 15 ஆண்டு முடித்து 2024இல் ஊர் திரும்பினேன். இரண்டு பென்சனும் வருகிறது. மகள் செவிலியர் படிப்பை முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். என் மனைவி எட்டு ஆண்டு என்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தாள்.

குறை இல்லாமல் இல்லை. என்னோடு சேர்ந்த ஒருவருக்கு 15 ஆண்டுக்குச் சில மாதம் குறைந்தது. வழக்கமான பென்சனில் இப்படிக் குறையும் நாட்களைப் பொருட்படுத்தாமல் விட்டுக்கொடுக்க வழி இருக்கும்போது, இரண்டாவது பென்சனுக்கு அது கிடைக்காமல் எத்தனையோ பேர் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டி ராத்திரி காவல் நின்றவரை வக்கீல் வீட்டு வாசலில் நிற்க வைக்கக் கூடாது. இதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஒரே உத்தரவில் முடிக்கலாம். பழைய பதவியைக் கொஞ்சமாவது கணக்கில் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். 24 ஆண்டு பணியாற்றிய ஹவில்தாரைச் சிப்பாய் என்று கூப்பிடும்போது நல்ல ஆட்கள் பின்வாங்கிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சொல்ல வேண்டியதை நேரத்தில் சொல்வது. டிஸ்சார்ஜ் ஆகும்போது எங்களுக்கு ஒரு கட்டுப் பேப்பர் கொடுப்பார்கள். பாஸ்புக், கேண்டீன் கார்டு, மருத்துவ அட்டை, எதில் எங்கே கையெழுத்து என்று பரபரப்பாக இருக்கும். அந்த இரண்டு நாளில் யாராவது உட்கார வைத்து, ‘இத்தனை மாதத்துக்குள் முடிவு செய், இல்லாவிட்டால் கதவு மூடிவிடும்’ என்று தாய்மொழியில் சொன்னால் போதும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது போதாது. பென்சன் வந்தவன் அந்தப் பலகையைப் பார்க்கப் போவது பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்குத்தான், அதற்குள் இரண்டு வருஷம் போயிருக்கும். உங்களிடமும் ஒரு கோரிக்கை. ரெஜிமெண்ட் மையங்களில் டி.எஸ்.சி. ஆள்சேர்ப்பு நடக்கும்போது, அதே வரிவிளம்பரப் பக்கத்தில், அந்தக் காவலாளி விளம்பரங்களுக்குப் பக்கத்திலேயே நான்கு வரி போடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டையும் பார்த்தால் தம்பிகள் யோசிப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி போன மாதம் பென்சன் வந்திருக்கிறார். வயது 37, இரண்டும் பெண் பிள்ளைகள். சென்னையிலிருந்து ஓர் ஏஜென்சிக்காரர் இதுவரை மூன்று தடவை போன் செய்துவிட்டாராம். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை 9 மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், மனைவியையும் கூட்டிக்கொண்டு. மூவரும் வேலூர் போகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.