சிலைட் போன் செய்யுற கம்பெனிகளுக்கு கல்முனையில இருந்து ஒரு திறந்த மடல்

போன் டிசைன் பண்றவங்களுக்கும் அதை செஞ்சு விக்கிற கம்பெனிக்காரங்களுக்கும் வணக்கம்.

நான் இலங்கையிட கிழக்குக் கரையில இருக்கிற கல்முனையில ஒரு போன் திருத்துற கடையில வேலை செய்யுறன். காத்தான்குடி, மருதமுனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எண்டு நாலா பக்கத்துல இருந்தும் ஆக்கள் போனைக் கொண்டு வருவாங்க, நானும் எங்கட கடை நானாவும் (அண்ணனும்) கழட்டிப் பார்த்துட்டு இது சரிவரும் இது சரிவராது எண்டு சொல்லுவம். இப்ப எல்லா போனும் ஒரே மாதிரி கண்ணாடிப் பலகையா வாறதால பொடியனுகள் சலிச்சுப் போய் "சிலைட் போன் திரும்ப வந்தா நல்லாருக்கும் அண்ணே" எண்டு கேக்கிறானுகள். சிலைட் போன் எண்டா மேல் பாதியைத் தள்ளித் திறக்கிற போன். எனக்கும் அந்த ஆசை நிறைய இருக்கு. அதால, ஸ்டைலுக்கு எவ்வளவு வசதிக்கு எவ்வளவு எண்டு நீங்க கணக்குப் போடக்குள்ள திருத்துற மேசையில இருக்கிறவன் சொல்றதையும் ஒருக்கா கேளுங்க.

சிலைட் போனுக்கு ஸ்டைல் எண்டா அது தள்ளுறதுதான். பெருவிரலால லேசா தள்ளினா பாதிக்குப் பிறகு ஸ்பிரிங் தானா இழுத்துட்டுப் போய் டக்கெண்டு நிக்கும், கோல் வந்தா திறந்தா ஆன்சர் மூடினா கட், நம்பர் பட்டன் எல்லாம் உள்ளுக்க மூடிக் கிடக்கிறதால சட்டைப் பைக்குள்ள கிடந்து தானா டயல் ஆகாது, சின்ன பாடியில பெரிய டிஸ்ப்ளேயும் வைக்கலாம். இதெல்லாம் வசதிதானே. அந்தத் தள்ளல் நல்லா இருந்தா ஸ்டைலும் இருக்கு வசதியும் இருக்கு, அது கெட்டுப்போனா ரெண்டும் ஒண்டா போயிரும்.

பழைய போன்களைப் பார்த்தா ரெண்டு பக்கமும் விளங்கும். 2005ல நோக்கியா 8800 வந்திச்சு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடி, கையில வச்சா கனமா இருக்கும், திறக்கிற சத்தமே தனி அழகு. ஆனா கெமரா அரை மெகாபிக்சல், உள்ளுக்க மெமரி 64 எம்பிதான், மெமரி காட் போட இடமே குடுக்கல்ல. அதே கம்பெனி 2007ல என்95ஐ கடைக்கு விட்டிச்சு: 5 மெகாபிக்சல் கெமரா, ஜிபிஎஸ், வைஃபை, மேல தள்ளினா நம்பர் பட்டன், கீழ தள்ளினா பாட்டுக்கு பட்டன். இவ்வளவையும் போட்டுட்டு பெட்டரியை 950 எம்ஏஎச் எண்டு சின்னதா வச்சாங்க, மறுகா வந்த 8 ஜிபி மொடல்ல அதை 1200 ஆக்கினாங்க. நடுவுல 2006ல எல்ஜி சாக்லேட், தொட்டா சிவப்பா எரியுற பட்டன், பார்த்தவன் எல்லாம் ஆசைப்பட்ட போன். 8800 அழகுக்காக வசதியைக் குறைச்சிச்சு, என்95 வசதியை அள்ளிப் போட்டுட்டு பெட்டரியை மறந்திச்சு. எங்கட பக்கத்து ஆக்களுக்கு போன் வாங்கிறது சின்ன செலவு இல்ல, வயல் வெட்டி நெல் வித்த காசுல, சீட்டுக் காசுல வாங்குவாங்க, அதை வருசக்கணக்கா பாவிப்பாங்க. கடைக் கண்ணாடிக்குள்ள பளபளக்கிறதைப் பார்த்துத்தான் கை நீட்டுவாங்க, ஆனா ரெண்டு வருசம் கழிச்சு அந்த போனைத் தூக்கிக்கிட்டு எங்களிட்டத்தான் வருவாங்க.

அப்ப நாங்க கண்டதைச் சொல்றன். சிலைட் போனை ரெண்டு பாதியாப் பிரிச்சா நடுவுல மெல்லிசா ஒரு ரிப்பன் வரும். டிஸ்ப்ளேக்கும் காதுல கேக்கிற ஸ்பீக்கருக்கும் மேல் பாதியில இருக்கிற பட்டனுக்கும் போற செம்புக் கோடெல்லாம் அதுக்குள்ளதான். ஒவ்வொரு தரம் தள்ளக்குள்ளயும் அது மடிஞ்சு உருளும். மடியுற இடத்துல ஒரு கோடு வெடிச்சாப் போதும், மூடி வச்சா படம் வரும் திறந்தா டிஸ்ப்ளே வெள்ளையாப் போகும், இல்லாட்டி கோல் எடுத்தா அங்கால பேசுறது கேக்காது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல மணலும் வயல் தூசியும் ரெயிலுக்குள்ள (மேல் பாதி வழுக்கி ஓடுற தடத்துக்குள்ள) ஏறி கிரீஸோட சேர்ந்து கறுப்பா இறுகிக் கிடக்கும், ஊசியால சுரண்டித்தான் எடுக்கணும். கடற்கரை ஆக்கள்ட போனைத் திறந்தா ரிப்பன் கனெக்டர்ல பச்சை பூத்துக் கிடக்கும். இது ஒரு கம்பெனிட போன்ல மட்டும் கண்டது இல்ல.

ஒருக்கா ஒலுவில் பக்கத்துல இருந்து மீன்பிடிக்குப் போற ஒரு காக்கா (வயசுல மூத்தவரை நாங்க அப்பிடித்தான் கூப்பிடுறது) சிலைட் போன் ஒண்டு கொண்டு வந்தார், திறந்துராம ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தார். "தம்பி, இது திறக்காட்டியும் பரவால்ல, கோல் கதைக்க மட்டும் செஞ்சு தா" எண்டார். ஒரிஜினல் ரிப்பன் எங்க தேடியும் கிடைக்கல்ல, கொழும்புல இருந்து எடுத்த கொப்பி ரிப்பன் தடிப்புக் கூட, போட்டா ரெயில் இறுக்குது. கடைசியில அவர் கேட்ட மாதிரி மூடின நிலையில வேலை செய்ய வச்சுத்தான் குடுத்தம். அவர் அந்த போனை வாங்கினதே திறக்கிற அழகுக்காகத்தான். எனக்கு அது இன்னும் மனசுக்குள்ள கிடக்கு.

2018ல சியோமி மி மிக்ஸ் 3 ஐ விட்டு சிலைட்டுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலா காந்தம் வச்சது நல்ல யோசனை, முன் கெமரா பின்னால ஒளிஞ்சிருக்கும், டிஸ்ப்ளேயில வெட்டு இல்ல. 3 லட்சம் தடவை தள்ளி சோதிச்சது எண்டு சொன்னாங்க. ஒரு நாளைக்கு 200 தரம் தள்ளினாலும் நாலு வருசம் தாண்டும், எனக்கு அது சந்தோசம்தான். ஆனா அந்த சோதனையை மணல் போட்டு, உப்புக் காத்து படவிட்டு செஞ்சீங்களா எண்டதை பெட்டியில எழுதுங்க. எங்கட ஊருல போன் ஓடுறது அதுக்குள்ளதான்.

இனி சிலைட் போன் செய்ய நினைச்சா காசு முட்டுப்படுற இடத்துல கெமராவைக் குறைங்க, பாடிட மினுக்கத்தைக் குறைங்க, ரெயிலையும் ரிப்பனையும் தொடாதீங்க. 12 மெகாபிக்சல் போதும், வாவிக்கரை படம் அதுலயே வடிவா வரும். ரிப்பனை ரெண்டு பக்கமும் கழட்டிப் பூட்டுற மாதிரி வைங்க, பசையால ஒட்டாம ஸ்குரூ போடுங்க. மாரி மழையில நனையுற போனுக்கு சிலைட் வாய் எப்பிடியும் பலவீனம்தான், அதால தண்ணி உள்ள போனாலும் போர்டுக்குப் போகாம வெளிய வடியுற மாதிரி வழி வைங்க.

மறுகா உதிரிச் சாமான். ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20ல இருந்து வந்த சட்டப்படி ஒரு மொடலை விக்கிறதை நிப்பாட்டினாலும் 7 வருசத்துக்கு முக்கிய சாமான் குடுக்கணும். அங்க குடுக்கத்தான் போறீங்க, அதையே எங்களுக்கும் தாங்க. கொழும்புல உங்கட ஏஜென்ட்மார் இருக்காங்க, ஒரிஜினல் ரிப்பனுக்கு ஒரு விலையைப் போட்டு அவங்களிட்ட வச்சிருங்க, நாங்க காசு கட்டி எடுப்பம். இரவு பஸ்ஸில போட்டுவிட்டா விடியக்குள்ள கல்முனைக்கு வந்துரும்.

இப்படிக்கு,
கல்முனையில போன் திருத்துறவன்