கபாலத்துக்குச் சோறு இறைத்தவள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எங்கள் செஞ்சிப் பக்கத்து மேல்மலையனூர் அங்காளம்மனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேய் ஓட்டுவதும் எலும்பைக் கடிப்பதுமே பக்கத்தை நிரப்பிவிட்டன. சரி, அதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் அம்மன் கதை, 'சிவன் கையில் ஒட்டிய கபாலத்தை மிதித்து அழித்தாள்' என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் கதை சொல்கிறவர்கள் சோற்றை விட்டுவிட்டு மிதித்ததற்குப் போக மாட்டார்கள்.

பிரம்மனின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளியதும் அது அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. பிச்சையாக விழுவதையெல்லாம் அதுவே தின்றுவிடும், அவர் பட்டினி. சரஸ்வதியின் சாபத்தால் பார்வதியோ மலையனூரில் புற்றாக இருக்கிறாள்; அவள்தான் அங்காளம்மன். அங்கே சிவன் வந்து நின்றபோது சோற்றை மூன்று கவளமாக உருட்டினாள். இரண்டைக் கபாலத்தில் போட்டாள். மூன்றாவதைக் கை தவறியதுபோலத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் பொறுக்கித் தின்னக் கீழே இறங்கியது. அப்புறம்தான் ஆங்காரம், விசுவரூபம், மிதித்தது எல்லாம்.

இதே கபாலம் காசியில் சிவனின் உருவான பைரவர் கையிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது என்கிறது புராணம். தஞ்சாவூர்ப் பக்கத்துத் திருக்கண்டியூரில் சாபம் தீர்த்தவர் பெருமாள். அவர் பெயரே ஹரசாப விமோசனர், அதாவது அரனின் சாபம் தீர்த்தவர். செஞ்சிச் சீமையில் அது ஒரு பெண் சோறு போட்டுத் தீர்த்த காரியம்.

'மயானக் கொள்ளை' என்ற திருவிழாப் பெயருக்கு மயானத்தைச் சூறையாடுவது என்று கட்டுரையாளர் பொருள் சொல்கிறார். மகா சிவராத்திரியை ஒட்டிய மாசி அமாவாசையில் சுடுகாட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். கொழுக்கட்டை, சுண்டல், கேழ்வரகு, காய்கறி, சில்லறைக் காசு என்று அவளுக்குப் படைத்ததை வாரி இறைப்பார்கள், கூட்டம் அள்ளிக்கொள்ளும். அம்மன் அன்று இறைத்த சோறுதான் அது. என் பாட்டி முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார். எங்களுக்குச் சுண்டல், விழுந்த கேழ்வரகை மட்டும் தனியாக முடிந்துவந்து விதைப் பானையில் போட்டுவிடுவார்.

இன்னொன்று. கடைசிப் பக்கப் படத்தில் இருப்பவரைப் 'பேய் பிடித்தவர்' என்று போட்டிருக்கிறீர்கள். முகத்தில் நீலச் சாயம், வாயில் கட்டிய சிவப்பு நாக்கு. அவர் வேண்டுதலுக்காகக் காளி வேடம் கட்டியவர். அதையாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
செஞ்சி வாசகர் ஒருவர்