கிளச் இல்லாத வண்டி மணலில் ஏறுமா?

இப்ரா, ஓமன்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பா உடையாமல் வந்து சேர்ந்தது. இந்த நாட்டில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அதனால் இன்று உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

"கிளச்சே இல்லாத வண்டி மணல்ல எப்படிப்பா ஏறும்?" என்று போனில் கேட்டீர்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நான் வேலை பார்க்கிற கேம்ப்புக்கு இரண்டு புது பிக்கப் வாங்கப் போகிறார்கள். கிளச் மிதித்துக் கையால் கியர் போடுகிற மேனுவலா, கிளச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்கிற ஆட்டோமேட்டிக்கா என்று எங்களையும் கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா மகனும் இங்கே டிரைவர் வேலைக்கு வர நினைக்கிறான். ஆக மூன்று பேருக்கும் இது ஒன்றே பதில்.

முதலில் ஊரின் வாகு. இப்ராவிலிருந்து அரை மணி நேரம் போனால் ஷர்கியா மணல்வெளி. வஹீபா என்பது அதன் பழைய பெயர். தெற்கு வடக்காக ஏறத்தாழ 180 கிலோமீட்டர், குறுக்கே 80. மேடுகள் 100 மீட்டர் உயரம் வரைக்கும் உண்டு. அந்தப் பக்கம் விட்டு இந்தப் பக்கம் திரும்பினால் ஹஜர் மலை. ஜபல் அக்தர் மேலே கிட்டத்தட்ட 2000 மீட்டர் உயரம். ஃபோர் வீல் இல்லாத வண்டியை அடிவாரத்தில் பிர்கத் அல் மவ்ஸ் ஊரிலேயே போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். ஒரே வண்டி இரண்டுக்கும் போயாக வேண்டும். மணல் கேட்பது ஒன்று, மலை கேட்பது வேறு. குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே பார்க்கிற இடமெல்லாம் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். தீவனக் கட்டு, ஆடு, தண்ணீர் டேங்க் எல்லாம் அதன் முதுகில்தான். பெரும்பாலானது 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 245 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போதுதான் முழுசாக வரும். உங்கள் லாரி டீசல் மாதிரி கீழ்ச் சுற்றில் இழுக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மணலில் பாதிக் கதை இதுதான்.

மணலில் வண்டியை நிறுத்துவது மேடு இல்லை, டயரைப் பிடித்து இழுக்கிற மணல்தான். தார் ரோட்டில் கிளச்சை மிதித்து கியர் மாற்றுகிற ஒரு நொடியில் வேகம் குறைவது தெரியவே தெரியாது. மணலில் அந்த ஒரு நொடிக்குள் பாதி வேகம் போய்விடும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால், மூன்றில் இழுக்காது. திரும்ப இரண்டுக்கு வருவதற்குள் வண்டி உட்கார்ந்துவிடும். அதனால் மேனுவலில் மேடு ஏறும் முன்பே கியரை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இரண்டு, சுற்று 3000-க்கு மேலே, உச்சி வரைக்கும் கை லீவர் பக்கம் போகக்கூடாது. கணக்குத் தப்பினால் கீழே வந்து புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

ஆட்டோமேட்டிக்கில் இந்த இடைவெளி இல்லை. கிளச் பிளேட் இருக்கும் இடத்தில் எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர். இன்ஜின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயைச் சுழற்றி அடிக்கும், அந்த எண்ணெய் கியர் பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளும். நடுவில் இரும்பும் இரும்பும் உரசுவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கியும் கொடுக்கும். இன்ஜினின் சக்தி ஒரு கணமும் அறுபடாமல் சக்கரத்துக்குப் போய்க்கொண்டே இருப்பதால் சுமாரான டிரைவரும் மேடேறிவிடுவார். நம் ஊரில் இப்போது வருகிற ஏ.எம்.டி. வண்டிகளை இதோடு சேர்க்காதீர்கள். அதில் கிளச் பிளேட் அப்படியே இருக்கிறது, மிதிப்பது மட்டும் மெஷின். மணலில் அதே இடைவெளி, அதே தொல்லை.

எந்த வண்டியானாலும் முதல் வேலை காற்றை இறக்குவது. ரோட்டில் 33 பாயிண்ட் ஓடுகிற டயரை மணல் விளிம்பில் 15-லிருந்து 18-க்குள் கொண்டுவர வேண்டும். பாரம் இருந்தால் 20. டயர் நீளவாக்கில் பரந்து மணல் மேல் மிதக்கும். காற்றை இறக்காத ஆட்டோமேட்டிக்கை விட, காற்றிறக்கிய மேனுவல் எந்நாளும் மேல். ரோட்டுக்குத் திரும்பியதும் கம்ப்ரசர் வைத்து ஏற்றாமல் வேகமெடுத்தால் டயரின் பக்கவாட்டு சூடேறி வெடிக்கும். அடுத்தது ரோட்டிலேயே ஹெச்4 (நான்கு சக்கரமும் இழுக்கிற, சாதாரண வேகத்துக்கான நிலை) போடக்கூடாது. காய்ந்த தாரில் திரும்பும்போது முன்பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கும். மூன்றாவது, சறுக்கலைத் தடுக்கிற கன்ட்ரோலை மணலில் அணைத்துவிட வேண்டும். சக்கரம் லேசாகச் சுற்றியதுமே அது இன்ஜினை அடக்கிவிடும், மேட்டின் நடுவில் வண்டி மூச்சடைத்து நிற்கும். புதிதாக வருகிறவர்கள் கியர் பாக்ஸைத் திட்டுகிற பல இடங்களில் குற்றவாளி இந்த பட்டன்தான்.

மாட்டிக்கொண்டால் எது எப்படிக் கெடும் என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

மேனுவலில் ஹெச்4-லேயே வைத்துக்கொண்டு ஹாஃப் கிளச்சில், அதாவது கிளச்சைப் பாதி மிதித்தபடியே, இழுக்கிறவர்களால்தான் பிளேட் எரிகிறது. நாற்றம் வந்த பிறகும் விடுவதில்லை. பிளேட் பளபளப்பாகிவிடும், பிளைவீலில் நீலக் கறை விழும். அப்புறம் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால், சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் போய்விட்டது என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா, பெரியப்பா மகனுக்காக எழுதுகிறேன். பிளேட் எரியாமலிருக்க மருந்து எல்4 (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற நிலை). வண்டியை நிறுத்தி, கிளச்சை மிதித்து, நியூட்ரலில் வைத்துக் குமிழைத் திருப்பினால் எல்லா கியரும் 2.566 மடங்கு இறங்கும். எல்4-ல் இரண்டாவது கியர் போட்டு கிளச்சைச் சட்டென்று முழுசாக விட்டால் பிளேட்டை உரசவிடாமலே வண்டி நகரும்.

ஆட்டோமேட்டிக்கில் எரிகிறது எண்ணெய். கன்வெர்ட்டருக்குள் வழுக்கல் ஆக ஆக அத்தனையும் சூடாக மாறும். மெதுவாக ஊர்ந்து, அதிகம் மிதித்து, வெயிலில் திரும்பத் திரும்ப முயன்றால் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் விளக்கு எரியும். உடனே இன்ஜினை அணைத்துவிடுவார்கள். அதுதான் தப்பு. அணைத்தால் பம்ப் நின்றுவிடும், சூடான எண்ணெய் உள்ளேயே தேங்கும். பி-யில் (பார்க்கிங்) போட்டு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஏ.சி.யை அணைத்து, விளக்கு அணைகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். இதற்கும் மருந்து எல்4தான். கியர் இறங்கினால் கன்வெர்ட்டர் வழுக்குவது குறையும், எண்ணெய் குளிர்ந்தே இருக்கும். இந்த வண்டியில் எண்ணெய் பார்க்கிற குச்சி கிடையாது. கீழே ஒரு நட்டைக் கழற்றி, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது வழிகிறதா என்று பார்த்துத்தான் அளவு சரி செய்வார்கள். எண்ணெய் பழுப்பேறி கருகல் வாடை அடித்தால் உள்ளே கியரைப் பிடிக்கிற கிளச் தகடுகள் தேயத் தொடங்கிவிட்டன. மேனுவலின் கிளச் பிளேட்டை இங்கே சனாயாவில் (ஒர்க்ஷாப்புகள் நிறைந்த தொழிற்பேட்டை) எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மாற்றிக்கொடுப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரிக்கத் தெரிந்த கையைத் தேடி மஸ்கட் போக வேண்டும்.

புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதில் மேனுவல்தான் சுறுசுறுப்பு. ரிவர்ஸ், ஒன்று, ரிவர்ஸ் என்று தாளம் பிடித்தால் வெளியே வந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் சக்கரம் சுற்றும்போதே டி-யிலிருந்து (முன்னால்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) தள்ளினால் உள்ளிருக்கும் தகடுகள் அடி வாங்கும். ஒவ்வொரு முறையும் பிரேக் மிதித்து நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதை விட நல்ல பழக்கம், வண்டி நகர மறுத்த கணமே காலை எடுத்து, வந்த தடத்திலேயே பின்னால் வருவது. பிடிவாதமாக மிதிக்கிறவரின் சக்கரம் தனக்குத்தானே குழி வெட்டும். அப்புறம் மண்வெட்டியால் டயருக்கு முன்னாலும் வயிற்றுக்கடியிலும் வாரியெடுத்து, காற்றை 12 பாயிண்டுக்கு இறக்க வேண்டியதுதான். அந்த நிலையில் ஸ்டீரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நிறுத்தும்போதும் பிரேக் அழுத்தாமல், ஏறுமுகத்தில் தவிர்த்து, இறக்கத்தைப் பார்த்து உருண்டு நிற்கவிட வேண்டும். பிரேக் பிடித்தால் முன் டயரில் மணல் குவிந்து நிற்கும், கிளம்பும்போது அதுவே தடுப்பு.

மலைக்கு வந்தால் கணக்கு தலைகீழ். ஜபல் அக்தரிலிருந்து இறங்குகிற ரோடு நல்ல தார் ரோடுதான், ஆனால் சரிவு விடாமல் தொடரும். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கென்று பக்கத்தில் மண் சாய்தளங்களே கட்டி வைத்திருக்கிறார்கள். "ஏறின கியர்லயே எறங்கணும்" என்று நீங்கள் சொல்வதுதான் இங்கேயும் சட்டம். மேனுவலில் இரண்டில் போட்டால் கியர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டால் இன்ஜின் பிடிக்கிற பிடி போதாது, வண்டி ஓடும், டிரைவர் பிரேக்கிலேயே நிற்பார், லைனிங் சூடாகி மிதி கீழே இறங்கிவிடும். லீவரை எஸ் (நாமே கியரைத் தேர்ந்தெடுக்கிற இடம்) பக்கம் தள்ளி 2 அல்லது 3-க்கு இறக்கினால் பிரச்சினை இல்லை. அப்படி ஒரு இடம் லீவரில் இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். தார் ரோடென்பதால் இங்கே ஹெச்2 (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற நிலை) போதும்.

வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தாக்கு. வாதி பனீ அவ்ஃப் பக்கம் கல் ரோடு, ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் பள்ளம். அங்கே எல்4, முதல் கியர், காலை எல்லா மிதியிலிருந்தும் எடுத்துவிட்டால் மேனுவல் எறும்பு மாதிரி இறங்கும். ஏற்றத்தில் மட்டும் அதற்குப் பாதகம். சரளையில் பாதியில் இன்ஜின் நின்றுபோனால், கிளச்சை மிதித்ததும் வண்டி பின்னால் உருளும். கால் பிரேக்கும் கை பிரேக்கும் பிடித்து, ரிவர்ஸில் போட்டு, நேராகப் பின்னால் வர வேண்டும். திருப்பப் பார்த்தால் கவிழும். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் நிற்காது, பிரேக்கிலிருந்து காலை மாற்றினாலே பிடித்து நகரும்.

வாதியில் தண்ணீர் ஓடும்போது எந்த கியர் பாக்ஸும் உதவாது. வெள்ளத்தில் இறங்கினால் போலீஸ் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும். தேங்கிய முழங்கால் தண்ணீரைத் தாண்டும்போது மட்டும், மேனுவலில் நடுவில் கிளச்சை மிதிக்கக்கூடாது, தண்ணீரும் மணலும் பிளேட்டுக்குள் போகும். சூடான ஆக்ஸில் கூடு சட்டென்று குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மறுநாள் அதன் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பேட்டரி இறங்கினால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக் அசையாது. மணல்வெளிக்குள் வாழ்கிற பதூக்கள் (பெடூயின் மக்கள்) பழைய லேண்ட் குரூசர் மேனுவலை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேம்ப்புக்கு நான் எழுதிக் கொடுக்கப் போவது இதுதான். மணலுக்குப் போகிற வண்டியை ஐந்து டிரைவர்கள் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். அதற்கு ஆட்டோமேட்டிக். ஐந்து கால்கள் மிதிக்கிற கிளச் ஒரு வருடம் தாங்காது. மலைப்பக்கம் போகிறதை ஒரே டிரைவர் ஓட்டுகிறார், அவருக்கு மேனுவல். மணல், மலை என்பதை விட, சாவி எத்தனை கைக்குப் போகிறது என்பதே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

பெரியப்பா மகனிடம் மேனுவல் உரிமத்துக்கே போகச் சொல்லுங்கள். இங்கே ஆட்டோமேட்டிக் உரிமம் வைத்திருப்பவர் மேனுவலைத் தொடக்கூடாது. மேனுவலுக்குச் சரிவில் நிறுத்திக் கிளப்புகிற தேர்வு உண்டு. இரண்டுக்கும் டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கிற தேர்வு, அதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். ஸ்டீரிங் இடது பக்கம், கியர் வலது கையில். முதல் கியர் நம் ஊரில் டிரைவரை விட்டு விலகி இருக்கும், இங்கே டிரைவரை நோக்கி. கால்கள் மட்டும் அதே இடம். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். 120-ஐத் தாண்டினால் வண்டி டிங் டிங் என்று அடிக்கிற மணிக்குத்தான் பழகவே முடியாது.

அவன் கிளம்புவதற்குள் ஒரு தடவை கொல்லிமலைக்குக் கூட்டிப் போங்கள். 70 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரிலேயே இறக்கட்டும். ஏறும்போது ஹாஃப் கிளச்சில் நிறுத்திப் பிடித்தான் என்றால், என் சார்பாக நீங்களே தலையில் ஒன்று வையுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. அடுத்த முறை பொடியில் காரம் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்